குடோனில் நசுங்கிய காலுக்கு எண்ணெய் தடவாதீர்கள்!

உங்கள் வீட்டுச் சமையலறையை ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். அரிசி மூட்டை, எண்ணெய் பாக்கெட், பிஸ்கட், சோப்புத்தூள், அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ், மிக்ஸி... இவற்றில் பெரும்பாலானவை கடைக்கு வருவதற்கு முன்னால் ஏதாவது ஒரு குடோனில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தவைதான். செங்குன்றம், மாதவரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் பெரிய பெரிய தகரக்கூரைக் குடோன்களைப் பார்க்கலாம்.

உள்ளே வேலை செய்கிறவர்கள் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள்தான். பி.காம். முடித்துவிட்டு ஸ்டோர்ஸில் கணக்குப் பார்க்கும் மகன், சூப்பர்வைசராக இருக்கும் மாப்பிள்ளை, தீபாவளி சீஸனில் பார்சல் கட்டப் போகும் கல்லூரி மாணவன். "மூட்டை தூக்குற வேலை இல்லீங்க, சும்மா லிஸ்ட் பார்த்து டிக் அடிக்கிற வேலைதான்" என்று அம்மாக்கள் நிம்மதியாகச் சொல்வார்கள். ஆனால், அந்த லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவருக்குப் பின்னால்தான் ஃபோர்க் லிஃப்ட் வருகிறது!

"ஒரு சித்த வைத்தியருக்கும் ஃபோர்க் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கால் நசுங்கினால், இடுப்பில் இடிபட்டால், 'வெளியே ரத்தம் வரவில்லையே' என்ற தைரியத்தில் முதலில் எங்களைப் போன்றவர்களிடம்தான் அழைத்து வருகிறார்கள். "சுளுக்குதான் டாக்டர், எண்ணெய் போட்டு நீவி விட்டு ஒரு கட்டுப் போடுங்க" என்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நாலு டன் முக்காலி

இரண்டரை டன் பாரம் தூக்கும் சாதாரண ஃபோர்க் லிஃப்டின் சொந்த எடை மட்டும் சுமார் நான்கு டன். ஒரு சின்னக் கார் ஒரு டன்கூட வராது. பார்க்கக் காரைவிடச் சின்னதாக, பொம்மை மாதிரி இருக்கும் இந்த வண்டி ஏன் இவ்வளவு கனம்? முன்னால் தூக்கும் பாரத்தை ஈடுகட்டப் பின்பக்கம் பெரிய இரும்பு எடை வைத்திருக்கிறார்கள். பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கும் சீசா பலகை மாதிரிதான். முன்சக்கரம் நடுக்கட்டை, ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் இரும்பு. சரக்கு கூடினாலோ, பெட்டி நீளமாக இருந்து கனம் முன்னால் தள்ளிப் போனாலோ பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

சக்கரம் நாலு இருந்தாலும் வண்டியின் சமநிலை மூன்று புள்ளிகளில்தான். முன்சக்கரம் இரண்டு, பின் அச்சின் நடுப்புள்ளி ஒன்று. அதாவது, இது ஒரு முக்காலி. பாரத்தை உயரத் தூக்கியபடி வேகமாகத் திரும்பினால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். கார் முன்சக்கரத்தால் திரும்பும். இது பின்சக்கரத்தால் திரும்பும். முன்பக்கம் இடதுபுறம் திரும்பும்போது பின்பக்கம் வலதுபுறமாக வீசும். "வண்டி அந்தப் பக்கம்தானே போகுது" என்று பக்கத்தில் நிற்பவரை, அந்த இரும்புப் பின்பகுதி வந்து சுவரோடோ ரேக்கோடோ அழுத்திவிடும்.

வேகம் என்று பார்த்தால் மணிக்கு 10 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்தானே என்று தோன்றும். அந்த வேகத்திலேயே ஒரு விநாடியில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் போய்விடும். டிரைவர் கண்ணில் பட்டு, மூளையில் பதிந்து, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு விநாடி ஆகும். மூன்று மீட்டர் என்பது உங்கள் வீட்டு அறை ஒன்றின் நீளம். அதற்குப் பிறகுதான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும்.

ரத்தம் வராத காயம்தான் ஆபத்து

கத்தி வெட்டு என்றால் ரத்தம் வரும், பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். நசுங்கிய காயம் அப்படியில்லை. தோல் கிழியாமலே இருக்கலாம். லேசான சிராய்ப்பு, கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். ஆனால், உள்ளே மூன்று விதமான விபரீதம் நடந்துகொண்டிருக்கலாம்.

முதலாவது, சதை அறையில் அழுத்தம். நம் கெண்டைக்கால், பாதம், முன்கை இவற்றில் உள்ள தசைகள் கெட்டியான உறைகளுக்குள் அறை அறையாக இருக்கின்றன. அந்த உறை ரப்பர் மாதிரி விரியாது. நசுங்கிய தசை உள்ளுக்குள்ளேயே வீங்கினால் அறையில் அழுத்தம் ஏறும். ரத்தக்குழாய்கள் நெரிபடும். சதைக்கு ரத்தம் கிடைக்காது. சுமார் ஆறு மணி நேரம் இப்படியே போனால் அந்தத் தசையும் நரம்பும் திரும்ப உயிர் பெறுவது கஷ்டம். இதற்கு ஒரே வழி, அறுவை மருத்துவர் அந்த உறையைத் திறந்து அழுத்தத்தை இறக்குவதுதான்.

இந்த நிலையில் நீவினால் என்ன ஆகும்? வீக்கம் இன்னும் கூடும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால்? உள்ளே நெரிகிற ரத்தக்குழாயை வெளியிலிருந்தும் நெரிக்கிறோம். நல்ல எண்ணத்தோடு போட்ட கட்டே காலைக் காவு வாங்கிவிடும்.

இரண்டாவது, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. வண்டிக்கும் ரேக்குக்கும் நடுவில் இடுப்போ வயிறோ மாட்டினால் கல்லீரல், மண்ணீரல் கிழிந்திருக்கலாம். அடிபட்டவர் எழுந்து நிற்பார், "ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு" என்று டீகூடக் குடிப்பார். நேரம் ஆக ஆக முகம் வெளுக்கும், குளிர்ந்த வியர்வை வரும், நாக்கு வறளும், தலை சுற்றும், வயிறு கல் மாதிரி இறுகும். சிலருக்குத் தோள்பட்டையில் வலி வரும். வயிற்றில் அடி, தோளில் ஏன் வலி என்று குழம்ப வேண்டாம். உள்ளே கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் அப்படி வலிக்கும்.

மூன்றாவது, சிறுநீரகப் பாதிப்பு. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு வீசியபோது இடிபாடுகளில் மணிக்கணக்கில் சிக்கியவர்களை மீட்டார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலர் சில நாட்களில் சிறுநீர் நின்று இறந்துபோனார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1941-ல் இதை விரிவாக எழுதினார்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருட்கள், பாரம் எடுக்கப்பட்டதும் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. அதிலிருந்து வரும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் இந்த ஆபத்துக்கு அறிகுறி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கால் தப்பியது எப்படி?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மா தன் மகனை ஆட்டோவில் என்னிடம் அழைத்து வந்தார். குடோனில் வேலை. பின்சக்கரம் பாதத்தில் ஏறி இறங்கியிருந்தது. மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. தோலில் கீறல்கூட இல்லை. "பாளையங்கோட்டையில படிச்சவர்னு சொன்னாங்க, வர்மம் தெரியுமாமே, கொஞ்சம் தட்டி விடுங்க சாமி" என்றார்.

பாதத்தைத் தொட்டேன், பலகை மாதிரி இறுகியிருந்தது. கட்டைவிரலை லேசாக மேலே வளைத்தேன். பையன் அலறிவிட்டான். விரலிடுக்கில் மரத்துப் போயிருந்தது. வெளியே தெரிந்த காயத்துக்கும் அந்த வலிக்கும் பொருத்தமே இல்லை. இதுதான் முக்கியமான அடையாளம்.

"அம்மா, இது என் வேலை இல்ல. ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்து அதே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அன்று மாலையே பாதத்தைத் திறந்து அழுத்தத்தை இறக்கினார்கள். பையன் இன்று நடக்கிறான். அவன் என்னிடம் திரும்பி வந்தது இரண்டு மாதம் கழித்து, மூட்டு விறைப்புக்கு. அதுதான் எங்கள் முறை!

சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம் என்கிற நீவுதல், கொம்பு கட்டல் எல்லாமே அதில் அடக்கம். எதற்கும் காலம் உண்டு. எலும்பு சேர்ந்து, காயம் ஆறி, எலும்பு மருத்துவர் "இனி அசைக்கலாம்" என்று சொன்ன பிறகு விறைப்பு நீங்கத் தைலமும் ஒற்றடமும் நன்றாக உதவும். முதல் நாளில் அவற்றுக்கு இடமில்லை.

"பைக்கில் விழுந்தேன்னு சொல்லு!"

இது நான் அடிக்கடி கேட்கும் வேதனையான வாக்கியம். காண்ட்ராக்டரோ மேஸ்திரியோ, "கம்பெனி பேர் வெளிய வந்தா எல்லாருக்கும் வேலை போயிடும், பைக்ல இருந்து விழுந்தேன்னு சொல்லு, செலவை நாங்க பார்த்துக்கிறோம்" என்று பையனிடம் சொல்லி அனுப்புகிறார்கள். பையனும் பயந்து அப்படியே சொல்கிறான்.

இதில் இரண்டு நஷ்டம். பைக்கில் விழுந்தவன் என்றால் டாக்டர் எலும்பு முறிவைத் தேடுவார். ஆறு டன் நடுவில் நசுங்கியவன் என்று தெரிந்தால்தான் தசை அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் உடனே கவனிப்பார். பொய்யால் போவது சிகிச்சைக்கான பொன்னான நேரம்.

இரண்டாவது நஷ்டம், உரிமை. ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வேலையில் அடிபட்டால் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லேயே வந்த சட்டம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் அந்த உரிமை தொடர்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பைக்கிலிருந்து விழுந்தார்' என்று பதிவாகிவிட்டால் பிறகு யாரிடம் போய் நிற்பது?

அடிபட்டவுடன் என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் வண்டியின் இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். மேலே தொங்கும் சரக்கின் கீழே யாரும் ஓடக் கூடாது. காப்பாற்றப் போனவரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

2. உடனே 108-க்குப் போன். "நசுங்கிய காயம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

3. பாரத்தைப் பத்திரமாக எடுக்க முடிந்தால் தாமதிக்காமல் எடுக்கலாம். எத்தனை மணிக்கு மாட்டினார், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதைக் குறித்து டாக்டரிடம் கொடுங்கள்.

4. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். கையிலோ காலிலோ பீறிட்டு அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி நேரத்தை எழுதி வையுங்கள். இடையில் தளர்த்த வேண்டாம்.

5. உயரத்திலிருந்து விழுந்தவரையும் முதுகில் இடிபட்டவரையும் கை கால் பிடித்துத் தூக்காதீர்கள். தண்டுவடம் பாதிக்கப்படலாம்.

6. விரல் துண்டானால், அதைச் சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.

7. சோடா, காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம்.

8. மஞ்சள் தூள், காபித் தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பாதீர்கள். காலைத் தலையணை அடுக்கி ரொம்ப உயர்த்தவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

வராமல் தடுப்பது

ஃபோர்க் லிஃப்ட் விபத்தைத் தடுக்க ஒரே ஒரு விதி சொல்லுங்கள் என்றால், 'மனிதன் நடக்கும் வழியும் வண்டி ஓடும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது' என்பேன். தரையில் மஞ்சள் கோடு போட்டால் மட்டும் போதாது. முடிந்த இடத்திலெல்லாம் இரும்புத் தடுப்பு வேண்டும். முட்டுச் சந்தில் குவி கண்ணாடி, ரிவர்ஸ் வரும்போது ஒலி, நல்ல வெளிச்சம். சொந்தமாகக் குடோன் வைத்திருக்கும் வாசகர்கள் இதை ஒரு செலவாக நினைக்க வேண்டாம்.

டிரைவருக்குச் சில பாடங்கள். ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கட்டும். சரக்கு கண்ணை மறைத்தால் ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். சரிவில் சரக்கு எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸ். பேலட் மேல் ஆளை நிற்க வைத்து உயரே தூக்குவது தற்கொலைக்குச் சமம்.

சீட் பெல்ட் மிக மிக முக்கியம். வண்டி சாயும்போது மனசு "குதி" என்று சொல்லும். குதித்தவர் மேல்தான் வண்டியின் கூரைக் கம்பி வந்து விழும். பெல்ட் போட்டபடி உள்ளேயே இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும்.

உடம்பும் தயாராக இருக்க வேண்டும். சளி, அரிப்புக்கு நாமே கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறக் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்பு அசதியாக இருக்கும். அதை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையின் கீழே வெயில் காலத்தில் வியர்வை கொட்டும். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம் கொடுத்தனுப்புங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்கும்போது டி.வி. சத்தத்தைக் குறையுங்கள். அவருடைய தூக்கத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிரும் இருக்கிறது.

வாசகர்கள் கேட்கக்கூடியவை

*சேஃப்டி ஷூ போட்டிருந்தால் சக்கரம் ஏறினாலும் ஒன்றும் ஆகாதுதானே?*

அப்படி நம்பக் கூடாது. இரும்பு முனை வைத்த ஷூவுக்கான சோதனை 200 ஜூல். அதாவது, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதை அது தாங்கும். பாரம் ஏற்றிய வண்டியின் முன்சக்கரம் ஒன்றின் மேல் இரண்டு டன்னுக்கு மேல் இறங்கும். தவிர, இரும்பு முனை காப்பது விரல்களை மட்டும்தான். பெட்டி விழுந்தால் ஷூ காக்கும், சக்கரம் ஏறினால் விலகி நிற்பதுதான் காக்கும். ஆனாலும் ஷூ இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

*டிரைவர் வேலை பார்க்கும் என் கணவருக்கு ஓயாத இடுப்பு வலி, கழுத்து வலி. என்ன செய்யலாம்?*

நாள் முழுதும் அதிர்வு, கழுத்தைத் திருப்பித் திருப்பி ரிவர்ஸ் பார்ப்பது, இதுதான் காரணமாக இருக்கும். ஒரு மணிக்கு ஒரு முறை இறங்கி நடக்கட்டும். இரவில் வெந்நீர் ஒற்றடமும் நல்லெண்ணெய் தடவுவதும் இதமாக இருக்கும். காலில் மரத்துப் போதல், பலம் குறைதல், சிறுநீர் அடக்க முடியாமை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

*மூடிய குடோனில் வேலை முடியும்போது என் தம்பிக்குத் தினமும் தலைவலி. வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?*

டீசல் அல்லது கேஸ் வண்டி ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்திருக்கலாம். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூட வேலை செய்பவர்களுக்கும் அப்படி இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் காற்றோட்டத்தை உடனே சரி செய்ய வேண்டும். சுக்குப் பற்றுப் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

இன்று இரவே கேளுங்கள்

உங்கள் வீட்டிலிருந்து யாராவது குடோன் வேலைக்குப் போகிறார்கள் என்றால், சாப்பாடு பரிமாறும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நடக்க உங்களுக்குத் தனி வழி இருக்கிறதா? வண்டி ஓட்டுகிறவர் பயிற்சி பெற்றவரா, இல்லை சாவி கையில் கிடைத்தவரெல்லாம் ஓட்டுகிறாரா? சீட் பெல்ட் போடுகிறார்களா? உங்கள் ஈ.எஸ்.ஐ. நம்பர் என்ன? அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் நாளைக்கே ஆபீஸில் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த நம்பரை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இதையும் எழுதுங்கள்: 'நசுங்கினால் நீவக் கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். உடனே ஆஸ்பத்திரி.'